பலகையில் இருக்கும் அந்தப் பிரெஞ்சு ஊர்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் தெற்கே கார்க் பக்கம் காரில் சுற்றிய ஒருவர், ஊர் எல்லைப் பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரும் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அது சும்மா அலங்காரமா, உள்ளே ஏதாவது நடக்கிறதா? ஏன் பெரும்பாலும் பிரான்சின் பிரிட்டனி பகுதி ஊர்களாகவே இருக்கின்றன? குடியேறி வந்த நம்மவர்கள் இதில் சேர முடியுமா? இவ்வளவுதான் கேள்வி.

நான் கார்க் மாவட்டத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்த ஊர் இணைப்பைக் கவனிக்கும் எங்கள் ஊர் கமிட்டியில் சில வருடம் நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேன், பரிசுச் சீட்டு விற்றிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சின்ன ஊர், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் இதை ‘ட்வின்னிங்’ என்கிறார்கள், பிரெஞ்சில் ‘ஜுமெலாஜ்’. இரண்டுக்கும் இரட்டைப் பிள்ளை ஆக்குவது என்றுதான் பொருள். தமிழில் ‘இரட்டை நகரம்’, ‘சகோதர நகரம்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் சம்பந்தம் பண்ணுவது என்பதுதான் பொருத்தமான சொல். இரட்டைப் பிள்ளைகள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இந்த ஊர்கள் அப்படியில்லை, எங்கோ இருந்த இரண்டு குடும்பங்கள் மேடை போட்டு, கையெழுத்துப் போட்டு, விருந்து வைத்து உறவாக்கிக்கொண்டவை. கொள்வினை கொடுப்பினை மாதிரி முறை உண்டு: இந்த வருடம் அவர்கள் வந்தால் அடுத்த வருடம் நாம் போக வேண்டும். கையெழுத்துகூட இரண்டு தடவை, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மாப்பிள்ளை வீட்டில் ஒன்று, பெண் வீட்டில் ஒன்று என்று நிச்சயதார்த்தம் நடத்துவதில்லையா, அதுபோல.

சம்பந்தம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கார்க் மாவட்டத்தில் கேரிகலைன், ஃபெர்மாய், யாவ்ல் என்று மூன்று ஊர்கள். கேரிகலைனுக்குப் பிரான்சில் இணை கிடெல். ஃபெர்மாய்க்கு ப்ளெமர். யாவ்லுக்கு லார்மோர்-பிளாஜ். இந்தப் பிரெஞ்சு ஊர்கள் மூன்றும் லோரியாங் துறைமுகத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று அக்கம்பக்கத்தில் கிடப்பவை. லோரியாங் மட்டும் கார்க்கை விட்டுவிட்டு கால்வே நகரத்தோடு இணைந்திருக்கிறது. ஒரு வீட்டில் பெண் எடுத்து, மாப்பிள்ளை நல்லபடியாக இருக்கிறான் என்று தெரிந்ததும் அந்தத் தெருவே அந்த ஊரில் பெண் எடுக்க ஆரம்பிக்குமே, அதே கதைதான் என்று நினைக்கிறேன். இதெல்லாம் எந்த அமைச்சகமும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

லோரியாங் என்று சொன்னதும் ஒரு சின்ன விலகல். அந்தப் பெயருக்குக் ‘கிழக்கு’ என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களைக் கட்டவும் அனுப்பவும் உண்டாக்கிய ஊர் அது. புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்பின, நம் ஊர்த் துணி அங்கேதான் இறங்கியது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த ஊர் இணைப்பு வழக்கமே இரண்டாம் உலகப் போரின் சாம்பலில் பிறந்தது. 1950-ல் பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் கைகோத்தன. நேற்று வரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள். மறு வருடம் ஜெனீவாவில் ஐரோப்பிய ஊராட்சிகளின் அமைப்பு ஒன்று உருவாகி, இந்தப் பழக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது. இன்று பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே மட்டும் 2,000-க்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு விருந்துக்கும் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது.

அயர்லாந்துக்கும் பிரான்சுக்கும் அப்படி ஆற வேண்டிய புண் எதுவும் இருக்கவில்லை. போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. பழைய கணக்கைப் புரட்டினாலும் பிரெஞ்சுக்காரர்கள் இவர்களுக்கு உதவ வந்தவர்கள், அல்லது வர முயன்றவர்கள். அதனால் இந்த இணைப்புகள் தாமதமாகத்தான் வந்தன, வந்தபோது லேசாக வந்தன. பெரும்பாலானவை 1970-களுக்குப் பிறகு பிறந்தவை. கார்க் நகரம் ரென் நகரத்தோடு 1982-ல் இணைந்தது, டப்ளினை ஒட்டிய டன் லீரி பிரெஸ்டோடு 1984-ல். லிமெரிக் கெம்பேரோடும் வெஸ்ட்போர்ட் புளூகாஸ்டெலோடும் மாலோ ட்ரெகியேயோடும் கோவ் ப்ளோயெர்மெலோடும் சேர்ந்தன. நான் இப்போது சொன்ன பிரெஞ்சு ஊர்கள் அத்தனையும் பிரிட்டனிதான். பெயரைப் பார்த்து பிரிட்டன் என்று நினைத்துவிட வேண்டாம், பிரான்சின் வடமேற்கு மூக்கு அது.

ஏன் பிரிட்டனி? யாரைக் கேட்டாலும் முதலில் ‘நாங்கள் எல்லாம் கெல்ட்டுகள்’, அதாவது ஒரே பழைய இனத்தின் வழி வந்தவர்கள், என்பார்கள். மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். லோரியாங்கில் 1971 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கெல்டிக் விழா நடக்கிறது, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் பைப் வாத்தியக்காரர்கள் வந்து தெருவை அடைத்துவிடுகிறார்கள். பிரிட்டனியின் ‘ஃபெஸ்ட் நோஸ்’ என்கிற இரவு நடனமும் அயர்லாந்தின் ‘கேலி’ என்கிற கூட்டு நடனமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுவிட்ட உறவு என்று தெரியும். பிரிட்டனி ஊர்கள் பலவற்றின் பெயரில் கடல் கடந்து வந்த துறவிகள் ஒளிந்திருக்கிறார்கள். லோக்ரோனான் என்ற ஊரின் ரோனான் அயர்லாந்திலிருந்து வந்தவர் என்பது ஐதிகம்.

ஆனால் மொழிக்கு வந்தால் இந்த உறவு கொஞ்சம் இழுத்துப் பிடித்த உறவுதான். பிரெட்டன் மொழி வேல்ஸ், கார்ன்வால் பக்கத்திலிருந்து போனது, ஐரிஷ் வேறு கிளை. தலைக்கு ஐரிஷில் ‘கியான்’, பிரெட்டனில் ‘பென்’. மகனுக்கு இங்கே ‘மாக்’, அங்கே ‘மாப்’. மொழியியல்காரர்களுக்கு இது விருந்து. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேருக்கு ஒன்றும் புரியாது. தமிழுக்கும் தெலுங்குக்கும் இருப்பதைவிடத் தூரம். எங்கள் கமிட்டியில் ஐரிஷ் நன்றாகப் பேசும் ஒரு பெரியவர், அந்தப் பக்கத்து பிரெட்டன் பேசும் பெரியவரோடு ஒரு சாயங்காலம் முழுக்க ஒற்றைச் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டுச் சொல் தேறியது. இருவருக்கும் பரம திருப்தி. ஆனால் உப்பு வேண்டும் என்று கேட்க ஆங்கிலத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

என் கணக்கில் கெல்ட்டைவிடப் பெரிய காரணம் காலிஃபிளவர்.

சிரிக்க வேண்டாம். பிரிட்டனியின் வடகரையில் ரோஸ்காஃப் பக்கத்து விவசாயிகள் கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) காலிஃபிளவரும் விளைவித்து, விற்க வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பாரிசுக்குச் சாலைவழி தூரம், கடலுக்கு அப்பால் சந்தை பக்கம். அலெக்சி கூர்வெனெக் என்ற விவசாயத் தலைவரின் முன்முயற்சியில் அவர்களே ஒரு கப்பல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1973 ஜனவரியில் ரோஸ்காஃபிலிருந்து இங்கிலாந்தின் பிளிமத்துக்கு முதல் கப்பல் போனது. அதே ஜனவரி 1-ஆம் தேதிதான் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அந்த வருடமே அயர்லாந்தின் ரோஸ்லேரிலிருந்து பிரான்சின் லெ ஆவ்ருக்கு ஒரு ஃபெர்ரி வந்தது. 1978-ல் கார்க்கிலிருந்து ரோஸ்காஃபுக்கே நேரடிக் கப்பல். சாயங்காலம் ஏறினால் இரவு முழுக்கக் கடல், காலையில் கண் விழித்தால் பிரான்ஸ்.

கார்க்கின் ஃபெர்ரித் துறை இருக்கும் ரிங்காஸ்கிடி, கேரிகலைனிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பஸ் நிறைய ஆட்களை, பெட்டி படுக்கை, அக்கார்டியன், ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தின் மட்டையோடு ஏற்றி அப்படியே இறக்கலாம். அந்தக் காலத்தில் குடும்பத்தோடு விமானத்தில் போவது பெரிய செலவு. ஆகவே கப்பல் எங்கே நின்றதோ அதைச் சுற்றித்தான் உறவும் வளர்ந்தது. பள்ளியும் உதவியது: அயர்லாந்துப் பிள்ளைகள் வெளிநாட்டு மொழி என்று எடுப்பதில் பிரெஞ்சுதான் நெடுங்காலமாக முதலிடம். பிள்ளைக்குப் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு இருக்கிறது, ஒரு பிரெஞ்சு வீட்டில் பத்து நாள் தங்கினால் நல்லது என்று நினைத்த அம்மாக்கள்தான் பல கமிட்டிகளின் முதல் தலைமுறை.

பிரிட்டனிக்கு வெளியேயும் இணைப்புகள் உண்டு. கார்லோ நகரத்துக்கு லூயி பாஸ்டர் பிறந்த டோல். மேயோவின் பல்லினாவுக்குப் பாரிசுக்குத் தெற்கே இருக்கும் அத்தி-மோன்ஸ். போர்ட்டர்லிங்டன் கதை தனி: 1690-களில் பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட புராட்டஸ்டண்டு அகதிகள் அங்கே குடியேறி, நூறு வருடத்துக்கு மேல் கோவிலில் பிரெஞ்சிலேயே வழிபாடு நடத்தினார்கள். அதன் இணை ஊர் ஆர்சி-சூர்-ஓப். பாரிசையும் டப்ளினையும் தேட வேண்டாம். பாரிஸ் ரோமைத் தவிர யாரோடும் முழு இணைப்பு வைத்துக்கொள்வதில்லை. தலைநகரங்களுக்கு இது சரிப்பட்டும் வராது. ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள இடத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

எல்லா இணைப்புகளிலும் எனக்கு மிகப் பிடித்தது பான்ட்ரியும் பான்-லாபேயும். கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பான்ட்ரி, பிரிட்டனியின் தென்மேற்குக் கோடியில் பான்-லாபே. பின்னது கிழவிகள் தலையில் கோபுரம்போல் அணிந்த உயரமான லேஸ் தொப்பிக்குப் பேர்போன ஊர். பான்ட்ரியின் நடுச் சதுக்கத்துக்கு உல்ஃப் டோன் என்று பெயர். 1796 டிசம்பரில் அந்த ஐரிஷ் புரட்சியாளரையும் ஏற்றிக்கொண்டு பிரெஸ்டிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கப்பல்கள், சுமார் 14,000 வீரர்களோடு, ஆங்கிலேயரை விரட்டப் புறப்பட்டு வந்தன. புயல் விடவில்லை. தளபதி ஓஷ் இருந்த கப்பல் வழிதவறிப் போனது. மற்றவற்றில் பல பான்ட்ரி விரிகுடாவுக்குள் வந்தும், கரை கண்ணுக்குத் தெரிந்தும், படையை இறக்க முடியாமல் திரும்பின.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு துடுப்புப் படகு மட்டும் கரை ஒதுங்கியது. பத்துத் துடுப்பு, மூன்று பாய்மரம், பன்னிரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். இப்போது டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். அடிப்பலகைகள் மெலிந்து, கைபட்டால் உடைந்துவிடும்போல இருக்கும். ஆனால் அதன் வளைவைப் பார்த்தால் வேகமாகப் போகப் பிறந்தது என்று படகு தெரியாதவனுக்கும் புரியும். 1980-களில் பிரெஞ்சுக்காரர்களும் அமெரிக்கர்களும் அதை அளவெடுத்து அச்சாக மறுபடி கட்டினார்கள். 1986-ல் நியூயார்க்கில் முதல் போட்டி. இன்று பல நாடுகளில் ‘பான்ட்ரி படகு’ என்ற பெயரில் இளைஞர்கள் அதை ஓட்டுகிறார்கள். 2012-ல் அந்தப் போட்டி பான்ட்ரிக்கே வந்தது. படையெடுக்க வந்து தோற்ற கப்பல் விட்டுப்போன படகு, 200 வருடம் கழித்துப் பிள்ளைகள் விளையாடும் படகாகிவிட்டது.

அதே விரிகுடாவில் துக்கமும் உண்டு. 1979 ஜனவரி 8 அதிகாலை, விட்டி தீவின் எண்ணெய் முனையத்தில் நின்றிருந்த பெட்டல்ஜூஸ் என்ற பிரெஞ்சு டேங்கர் கப்பல் வெடித்தது. 50 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு மாலுமிகள், ஏழு பேர் உள்ளூர்த் தொழிலாளிகள். பிறகு மீட்புப் பணியில் ஒரு டச்சு முக்குளிப்பாளரும் போனார். பான்ட்ரி மலைச்சரிவுக் கல்லறையில் நினைவுக் கல் இருக்கிறது. 2019-ல், நாற்பதாம் வருடம், பிரான்சிலிருந்து குடும்பங்கள் வந்தன. அந்த ஊரில் பிரெஞ்சுக்காரர் என்றால் வெறும் சுற்றுலாப் பயணி இல்லை. மேடையில் யாரும் இதை விளக்குவதும் இல்லை.

1796 பற்றிப் பேசும்போது நம் பக்கத்துக் கதை ஒன்றும் ஞாபகம் வரும். 1691-ல் அயர்லாந்தில் போரை முடித்த லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் சேரப் போனார்கள். ‘காட்டு வாத்துகள்’ என்று இன்றும் அவர்களைச் சொல்வார்கள். அப்படிப் போன ஒரு கால்வே குடும்பத்தின் பிள்ளைதான் லாலி. 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கித் தோற்று, மறு வருடம் புதுச்சேரியை ஒப்படைத்து, பிறகு பாரிசில் தலையை இழந்தவர். எதிரே ஆங்கிலேயர் பக்கம் நின்ற அயர் கூட்டும் லிமெரிக் பக்கத்து ஆள். நம் வந்தவாசிக் களத்தில் இரண்டு தரப்பிலும் தளபதி அயர்லாந்து வழி. புதுச்சேரியில் லாலி பெயரில் இன்னும் ஒரு தெரு இருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோதுதான் எனக்கு அங்கே முதல் மரியாதை கிடைத்தது.

சரி, பலகைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

பணம் சேர்ப்பதில் ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் பப்பில் டேபிள் க்விஸ், கேக் விற்பனை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருபவர்களிடம் கோவில் வாசலில் டப்பா குலுக்குவது. பிரெஞ்சுப் பக்கம் அப்படி இல்லை. அவர்கள் கமிட்டி 1901-ஆம் வருடச் சட்டப்படி பதிவான சங்கம், மேயர் அலுவலகம் வருடாந்திர மானியம் தரும், கூடம் இலவசம், பல நேரம் பஸ்கூட ஊராட்சிப் பஸ். ஐரோப்பிய ஒன்றியமும் 1989 முதல் ஊர் இணைப்புகளுக்குப் பணம் தருகிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். எங்கள் கமிட்டி ஒரே ஒரு முறை முயன்று, மூன்றாம் பக்கத்தில் கைவிட்டது.

பிறகு வருகை. பஸ் வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்கும். கையில் பட்டியலோடு செயலாளர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார், ஒவ்வொரு குடும்பமாக முன்னால் போகும். பள்ளிக்கூடத்தில் கோஷ்டி பிரிக்கும்போது யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லையோ என்று ஒரு பயம் வருமே, ஐம்பது வயது ஆட்களின் முகத்தில் அதை அங்கே பார்க்கலாம். கன்னத்தில் எத்தனை முத்தம், எந்தப் பக்கம் முதலில் என்பதில் ஒரு குழப்பம், இரண்டு மூக்கு இடிபடும். அதோடு பனி உடைந்துவிடும். மறுநாள் மூவர்ணப் பட்டை அணிந்த மேயர், இரண்டு தேசிய கீதம், நீளமான பேச்சு. பிறகு ஒரு ஒயின் உபசாரம். அதற்கப்புறம்தான் உண்மையான விஷயம், அது வீடுகளுக்குள் நடக்கிறது. தங்குவது ஹோட்டலில் இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஒருவர் வீட்டில் நான்கு நாள் தங்கினால் அவர்கள் காலையில் எப்படிக் கோபமாக இருப்பார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.

நான் முதல் தடவை போனபோது தங்கியது ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில். அவர் மனைவிக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது, என் பிரெஞ்சு அப்போது வணக்கத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மா ஒரு பெரிய வட்ட இரும்புக் கல்லை அடுப்பில் ஏற்றினார். பக்கத்தில் கருமை கலந்த சாம்பல் நிற மாவு, கரண்டி, ஒரு எண்ணெய்த் துணி. துணியால் கல்லைத் துடைத்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் பாட்டி வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பாள், இவர் துணி, அவ்வளவுதான் வித்தியாசம். மாவு கறுப்புக் கோதுமை என்று சொல்லப்படும் பாப்பரை, தண்ணீர், உப்பு. காலையிலேயே கரைத்து வைத்தது. ஊற்றிவிட்டு, ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் இருக்கும் சின்ன மரக்கட்டையால், அதற்கு ‘ரோசெல்’ என்று பெயர், மணிக்கட்டை மட்டும் திருப்பி ஒரே வீச்சில் பரப்பினார். காகிதம்போல் வந்தது. நான் கட்டையை வாங்கி முயன்றேன், கிழிந்து போனது. பிறகு கரண்டியைக் கேட்டு வாங்கி, அதன் அடியால் நடுவிலிருந்து வெளியே சுற்றினேன். தபால்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அந்த அம்மா ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, ‘தடிப்பு’ என்பதுபோல் விரலால் காட்டினார். எங்கள் பாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். தோசைக்கல் எடுத்து வைத்தேன். வேறென்ன செய்ய.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த பலகைகளில் சில உண்மையிலேயே வெறும் பலகைதான்.

முதல் குறை, இரண்டு பக்கமும் எடை சமமில்லை. பிரான்சில் 35,000 போல ஊராட்சிகள், எவ்வளவு சின்ன ஊருக்கும் மேயர் உண்டு, அவர் கையில் அதிகாரமும் கொஞ்சம் பணமும் உண்டு. அயர்லாந்தில் மேயர் என்பது பெரும்பாலும் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு ரிப்பன் வெட்டும் வேலை. நிர்வாகம் அதிகாரிகள் கையில். அதுகூட 2014 வரைதான். அந்த வருடம் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்து நாட்டிலிருந்த 80 நகர மன்றங்களையும் ஒரேயடியாகக் கலைத்தது. மிஞ்சியது 31 மன்றங்கள், அவையும் மாவட்டம், மாநகரம் அளவில். கோவ், ஃபெர்மாய், மாலோ, யாவ்ல் எல்லாவற்றுக்கும் அதே கதி. யோசித்துப் பாருங்கள், சம்பந்தம் பேசிக் கையெழுத்துப் போட்டவரே இல்லாமல் போய்விட்டார். பிரெஞ்சு மேயர் கடிதம் எழுதினால் யாருக்கு எழுதுவது? பல இடங்களில் அது மாவட்ட மன்றத்தின் ஏதோ ஒரு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊருக்கு அடுத்த வருகையின்போது பிரெஞ்சு மேயர் பட்டை அணிந்து இறங்கினார், எதிரே வரவேற்க நின்றது ஒரு மருந்துக்கடைக்காரரும் நானும். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கமிட்டி உயிரோடிருந்த ஊர்கள் தப்பித்தன. மன்றத்தை நம்பியே இருந்த ஊர்களில் இணைப்பு சத்தமில்லாமல் தூங்கிவிட்டது. இங்கே யாரும் விவாகரத்துச் செய்வதில்லை. இங்கிலாந்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு என்ற ஊர் 2011-ல் தன் பிரெஞ்சு, ஜெர்மன் இணைகளுக்கு முறித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவமானப்பட்டது. ஐரிஷ்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள், பதில் போடாமல் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வயது. எங்கள் கமிட்டியில் நான்தான் சின்னப் பையன், எனக்கு முன்தலை வழுக்கை. மலிவு விமானம் வந்த பிறகு பிரான்ஸ் போக ஒரு கமிட்டி தேவையில்லை. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன முறை பல ஊர்களில் திரும்பத் தொடங்கவே இல்லை.

எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு காற்றும் அடித்தது: பிரெக்சிட். 2021-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் போக முடியாமல் பாஸ்போர்ட் வேண்டும் என்றானது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாஸ்போர்ட் எடுப்பது லேசான காரியமா? பள்ளிக் குழுக்களுக்கு 2023 கடைசியில் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் பல பிரெஞ்சு ஆசிரியர்களின் பார்வை ஆங்கிலம் பேசும் இன்னொரு தீவின் பக்கம் திரும்பியது. எங்கள் பக்கத்து ஊரில் பத்து வருடமாகத் தூசி படிந்த கோப்பு ஒன்று அப்படித்தான் மறுபடி திறக்கப்பட்டது. கேட்டது மேயர் இல்லை, ஒரு ஆங்கில டீச்சர்.

கடைசிக் கேள்வி, நம்மவர்கள் சேரலாமா? தாராளமாக. கமிட்டி எப்போதும் ஆளுக்கு அலைந்துகொண்டிருக்கும், நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. நூலகத்திலோ ஊர்க் கூடத்து அறிவிப்புப் பலகையிலோ பார்த்தால் தொடர்பு கிடைக்கும். அங்கும் இல்லையென்றால் உள்ளூர்ப் பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் எதுவும் நடந்திருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் பிரான்ஸ் இருக்கிறது, அயர்லாந்து இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர் இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் பிரான்சுக்கு விசா எடுத்தாக வேண்டும். பஸ்ஸில் இருக்கும் மற்ற நாற்பது பேருக்கு இந்தச் சங்கதியே தெரியாது, அதனால் யாரும் நினைவுபடுத்தவும் மாட்டார்கள். என் முதல் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போனது இதனால்தான். விசாவுக்கு நேரம் கிடைத்தது கப்பல் கிளம்பி ஒன்பது நாள் கழித்து. துறைமுகத்துக்குப் போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். ஆகவே தேதி தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள். வரவேற்கும் வீட்டாரிடம் தங்கவைக்கிறோம் என்ற சான்று கேளுங்கள். அதை அவர்கள் தங்கள் மேயர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

அப்புறம், பரிசாக ஐரிஷ் தேயிலை கொண்டுபோக வேண்டாம். போகிற எல்லோரும் அதைத்தான் கொண்டுபோகிறார்கள், அவர்களோ காபி குடிப்பவர்கள். தபால்காரர் வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரியைத் தெரியாமல் திறந்துவிட்டேன். சிவப்பும் பச்சையுமாக, பிரிக்காத பெட்டிகள், முப்பதுக்குக் குறையாது. அந்த அம்மா உதட்டில் விரல் வைத்து, மெதுவாகக் கதவைச் சாத்தினார்.